முட்டுக் கொடுத்த சாவி

நான் குடியிருக்கும் வீட்டில் எந்தப் பொருளும் ஒரேயடியாகக் கெட்டுப்போவதில்லை. எதையும் யாரும் பழுது பார்ப்பதும் இல்லை. குளியலறைக் குழாயைத் திருப்பும்போது லேசாக மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பின்கதவைத் தோளால் ஒரு இடி இடித்தால்தான் தாழ்ப்பாள் விழும். மாடிப்படி விளக்குக்கு இரண்டு தடவை சுவிட்ச் போட வேண்டும். குடிவந்த புதிதில் கீழே போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் மிகுந்த பிரியத்தோடு, "அது ஒண்ணுமில்ல சார், அதுக்கு ஒரு பழக்கம் இருக்கு. கை பழகிட்டா சரியாப் போயிரும்" என்றார். ஆறு வருஷத்தில் என் கை பழகிவிட்டது. போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டில் நல்ல குழாயை வழக்கம்போலத் தூக்கி, கையோடு பிடுங்கிவிட்டேன். வீட்டுக்காரர் வீட்டில் எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் 'பழக்கம்' என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்காரர் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். ஆறடி மூன்று அங்குலம். ஏணி இல்லாமலே ஜன்னல் கம்பி மாட்டிவிடுவார் என்பது கடைக்கு ஒரு விளம்பரம். அவர் மனைவி நர்ஸ். அவருடைய தோளுக்குக்கூட வர மாட்டார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போடுவது, கட்டு மாற்றுவது என்று வேலை. மூன்றாவது ஆள் வீட்டுக்காரரின் அம்மா. காலை முழுக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டே தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போடும் அம்மாள்.

நான்காவதாகக் காரையும் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரரின் அப்பா வாங்கியது, அறுபது வயதாகிறது. சாம்பல் நிறம், உருண்டை முதுகு, பழைய காலத்து இரும்பின் கனம். தெருவில் போனால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். வீட்டுக்காரரும் மனைவியும் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஏழு மாதத்துக்கு முன்னால் வரைக்கும். மனைவி ஓட்டினால் எப்போதாவது குலுங்கி நிற்கும், 'உனக்கு இன்னும் பழகல' என்று வீட்டுக்காரர் முடித்துவிடுவார்.

அன்றைக்கு மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது மருமகள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறித் திரும்பும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. நின்றதோடு விடாமல் பின்னால் வழுக்கி, பிரேக் பிடிப்பதற்குள் மதில் சுவரில் போய் மோதியது. காருக்கு ஒரு சொட்டைதான். மாமியாருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

ஏற்றத்தில் வண்டி நின்றால் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: கிளட்ச்சைப் படக்கென்று விட்டுவிட்டாள். மாமியார் சொன்னார், வீட்டுக்காரரின் அக்காவான நாத்தனாரும் சொன்னார். நாத்தனார் அதோடு நிற்காமல் 'சுவர் டிரைவர்' என்று பட்டமும் வைத்தார். அந்தம்மாளுக்கு வாய் ஒரு ஒலிபெருக்கி. ஒரு மாதத்தில் உறவுக்காரர்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு தடவை நானும் சிரித்திருக்கிறேன், மறைப்பானேன்.

நர்ஸம்மாவும் கடைசியில் அதையே சொல்ல ஆரம்பித்தார். "என் தப்புதான். பதட்டத்துல கிளட்ச்ச விட்டிருப்பேன்." அதற்குப் பிறகு ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. மாமியாருக்கு வலது கை சரியாக மடங்காததால் தினமும் காலையில் அவருக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுத்தான் கிளினிக் போவார். வாரும்போதெல்லாம், "வலிக்குதா அத்தை?" என்று கேட்பார். தலையில் வலி எப்படி வரும்? கேட்டது கையைத்தான்.

இதற்கு நடுவில்தான் அந்த வேலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், எழுந்து நடமாட முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. அதற்காக மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். சொந்தமாக வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் ஆபீசில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"போகலீங்க" என்றார். "ஓட்டுறதுக்குக் கை வரல. வழியில யாரு மேலயாவது ஏத்திட்டா?"

சொல்லிவிட்டு ஒரே தலையணை உறையை நான்கு தடவை மடித்தார்.

வீட்டுக்காரர் காரை விற்பதென்று முடிவு செய்திருந்தார். "அதப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு கஷ்டமா இருக்கு சார். கண்ணுல படாம இருந்தா நல்லது." எவ்வளவு பெரிய மனது என்று நான் அவரைப் பாராட்டினேன். வாங்க வந்தவர் குள்ளமான, கறாரான ஆள். ஓட்டிப் பார்த்ததில் இரண்டு தெரு தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டது. "உங்களுக்குப் பழகலீங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் மசியவில்லை. இக்னிஷன் சுவிட்சில் ஏதோ கோளாறு, சரி செய்து வையுங்கள், சனிக்கிழமை ஒரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு 'ஃபியூஸ்' வந்தார். கார் எலக்ட்ரீஷியன். எந்த வண்டியைக் காட்டினாலும் முதலில் "ஃபியூஸப் பாத்தீங்களா?" என்று கேட்பதால் அந்தப் பெயர். குட்டையான, பருத்த மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் ஒயர் சுற்றியிருந்தது. ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. முற்றத்தில் ஈரமும் இளவெயிலும் சேர்ந்து கிடந்தன. நான் வேடிக்கை பார்க்கத்தான் இறங்கினேன், ஆனால் ஃபியூஸ் சும்மா நிற்கிறவனைப் பார்த்தால் விடமாட்டார். என் கையில் ஒரு டார்ச்சைத் திணித்தார்.

"சாவிக்கு நேரா அடிங்க சார். கைய ஆட்டாதீங்க, வீடியோவா எடுக்குறீங்க?"

சாவித் துவாரம் ஸ்டியரிங் தண்டுக்கு வலது பக்கம், டேஷ்போர்டின் அடி விளிம்பில் இருந்தது. சாவியோடு ஒரு தோல் பட்டை, அதில் கடைச் சாவிகள் ஆறேழு. வீட்டுக்காரர் உட்கார்ந்து திருகினார். இன்ஜின் உடனே பிடித்தது. ஐந்து நிமிஷம் ஓடியது. முற்றத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் எடுத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. சீராக ஓடியது.

"நல்லாத்தானே ஓடுது?" என்றார் ஃபியூஸ். "என்ன குறைங்கிறீங்க?"

"அதாங்க நானும் சொல்றேன். வாங்குறவருக்குப் பழகல, அவ்வளவுதான்."

"கொஞ்சம் எறங்குங்க. நான் உக்காந்து பாக்குறேன்."

ஃபியூஸ் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்தார். முற்றத்தின் நடுவில் கல் பெயர்ந்த பள்ளம் ஒன்று உண்டு. அதில் சக்கரம் இறங்கியதும் இன்ஜின் செத்தது. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை. சாவியை விரலால் லேசாக உயர்த்தினார். சிவப்பு விளக்கு வந்தது. விட்டார், போனது.

"அடி தாயி, நீதானா?" என்றார் சாவியைப் பார்த்து. "சார், நீங்க மறுபடி உக்காருங்க. அதே பள்ளத்துல எறக்குங்க."

வீட்டுக்காரர் உட்கார்ந்தார். பள்ளத்தில் இறக்கினார். நிற்கவில்லை. மறுபடி இறக்கினார். நிற்கவில்லை. ஃபியூஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். என்னிடமிருந்து டார்ச்சை வாங்கி அவரே அடித்துப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் நர்ஸம்மா டீயும் ரொட்டியும் வைத்த தட்டோடு வெளியே வந்தார்.

"சார்" என்றார் ஃபியூஸ். "அந்த முட்டிய எடுங்க."

"எது?"

"வலது முட்டி. சாவிக்கொத்துக்கு அடியில முட்டுக் குடுத்து வச்சிருக்கீங்களே, அத எடுங்க."

வீட்டுக்காரர் காலை இந்தப் பக்கம் நகர்த்தினார். சாவிக்கொத்து தன் கனத்தில் தொங்கியது. இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.

ஃபியூஸ் தொழில் சந்தோஷத்தில் இருந்தார். "உள்ள காண்டாக்ட் தேஞ்சிருக்கு. சாவி கொஞ்சம் எறங்கினாலும் கரண்ட் கட்டாயிரும். நெட்டை ஆளு, உக்காந்தா முட்டி நேரா அங்கதான் வந்து நிக்குது. எத்தன வருஷமா சார் இப்படி முட்டுக் குடுத்தே ஓட்டுறீங்க?"

"அது... ஒரு பழக்கம்" என்றார் வீட்டுக்காரர்.

நர்ஸம்மா தட்டை பானட்டின் மேல் வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? கிளட்ச்ச விட்டுட்டா வண்டி நிக்கும்ல? அப்ப லைட்டு எரியுமா?"

"எரியும்மா. இன்ஜின்தானே நிக்குது, சுவிட்ச் ஆன்லதான இருக்கு. செவப்பு லைட்டு பளிச்சுனு எரியும்."

"ஹாரன்?"

"இந்த வண்டில ஹாரனும் சுவிட்ச் வழியாத்தான் போகுது. சுவிட்ச் கட்டாச்சுன்னா ஹாரன் கத்தாது. கிளட்ச்ல நின்னா கத்தும்."

"அன்னைக்குப் பின்னால சைக்கிள்ல ஒரு பெரியவர் வந்தாரு" என்றார் நர்ஸம்மா. குரல் ஏறவே இல்லை. நோயாளியின் வீட்டாருக்கு விவரம் சொல்வதைப்போலச் சொன்னார். "வண்டி பின்னால போகுதுன்னதும் ஹாரன அமுக்கினேன். அமுக்கிக்கிட்டே இருந்தேன். சத்தமே வரல. நான் அன்னைக்கே வீட்டுல சொன்னேன். பயத்துல ஹாரன்னு நெனச்சு வேற எதையோ அமுக்கியிருப்பன்னு சொன்னாங்க."

சொன்னது நாத்தனார். அது எனக்கே நினைவிருந்தது.

"அப்ப கிளட்ச் இல்லம்மா" என்றார் ஃபியூஸ். அவருக்கு மெல்லத்தான் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "உன் மேல தப்பே இல்ல. மேட்டுல குலுங்குச்சு, சாவி எறங்கிருச்சு. யாரா இருந்தாலும் நின்னிருக்கும்."

நர்ஸம்மா கணவரைப் பார்த்தார். அந்த மனிதர் இன்னும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தனை உயரமும் எங்கே போயிற்றோ, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முட்டி வைக்கிறதா... தெரியும்."

"அன்னைக்கு அதனாலதான் நின்னுச்சுன்னு?"

அவர் ஸ்டியரிங்கின் தோல் உறையில் ஒரு நூலைப் பிய்த்தார். "ஆஸ்பத்திரிக்கு வரும்போதே நெனச்சேன். சொல்லணும்னுதான் வந்தேன். வந்தா நீயே 'என் தப்பு, என் தப்பு'ன்னு அழுதுக்கிட்டு இருந்த. அம்மா கத்திக்கிட்டு இருந்தாங்க. நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம்... நாள் ஆக ஆக வாய் வரல."

"அதுக்கு முன்னால? வண்டிய என்கிட்ட குடுக்கும்போது?"

"சொன்னாலும் உனக்கு முட்டி எட்டாதே" என்றார் வீட்டுக்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் டார்ச்சை அவர் தலையில் போட்டிருப்பேன். நான் வாடகைக்கு இருப்பவன், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பேசியது ஜன்னல். பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏன்டா" என்றார் அம்மாள். "உங்கப்பாவும் அப்படித்தான் கால ஒட்டி வச்சுக்கிட்டு ஓட்டுவாரு. அது உக்கார்ற தோரணைன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். உனக்குக் காரணம் தெரியும்ல? ஏழு மாசமா நான் இவள வாய்க்கு வந்தபடி பேசுறேன். தெனமும் இவ எனக்குத் தல வாரி விடுறா, அதையும் வாங்கிக்கிட்டுப் பேசுறேன். நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்த. என்னை ஏன்டா இவளத் திட்ட விட்ட?"

வீட்டுக்காரர் மெல்லக் காரைவிட்டு இறங்கினார்.

"மொதல்ல உங்கக்காவுக்குப் போன் போடு. ஊரு முழுக்கச் சொன்னவ அவதான். நீயே சொல்லு."

"சாயங்காலம் சொல்றேன்மா."

ஃபியூஸுக்கு இதெல்லாம் தாங்கவில்லை. ஒயரோடு ஆயிரம் பேசுவார், மனிதர்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் விழிப்பார். "நான் வேலையப் பாக்குறேன்" என்று பானட்டைத் தூக்கப் போனார். நர்ஸம்மா தட்டை எடுத்துக்கொண்டார். ஆறிப்போன டீயை நாங்கள் ஆளுக்கொன்றாக எடுத்து ஒரே மடக்கில் குடித்தோம்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சாவித் துவாரத்தைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகி எடுத்தார் ஃபியூஸ். சுவிட்ச் பின்பக்கமாக விழுந்தது. ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டு ஒட்டுத்தாள் சுற்றி எண் போட்டார். பிறகு சுவிட்சைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டினார். உள்ளே ஒரு பித்தளைத் தகடு, சின்ன விரல் நகம் அளவு. ஒரு ஓரம் கறுத்து, தேய்ந்து, சரிவாகிவிட்டிருந்தது. ஸ்பிரிங்கில் உயிரே இல்லை. நர்ஸம்மா அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். புண்ணைப் பார்க்கும் பார்வை. எவ்வளவு ஆழம், எத்தனை நாளானது என்று கணக்குப் பார்ப்பதுபோல இருந்தது.

"இதத் தேய்ச்சுச் சரி பண்ண முடியாதாண்ணே?"

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா ஒரு மாசம் ஓடும். அப்புறம் பழைய குருடிதான். வேணாம். என்கிட்ட ஒண்ணு இருக்கு, ஒடைச்ச வண்டியில இருந்து எடுத்தது, ஆனா காண்டாக்ட் புதுசாட்டம் இருக்கும்." தகரப் பெட்டியைக் குடைந்து, துணியில் சுற்றிய சுவிட்சை எடுத்தார். பல்பு வைத்த ஒயரால் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தார். பல்பு எரிந்தது. சாவியைப் பிடித்து ஆட்டினார், இழுத்தார், தொங்கினார் என்றே சொல்லலாம். பல்பு கண் சிமிட்டவில்லை. "இன்னொண்ணு. இதுல அந்தக் கொத்த மாட்டாதீங்க. வண்டிச் சாவில வண்டிச் சாவி மட்டும்தான் இருக்கணும். கடையையே கொண்டுவந்து தொங்க விட்டா எந்த சுவிட்ச்தான் தாங்கும்?"

புது சுவிட்சுக்கு அதன் சாவிதான். ஒயர்களை எண் பார்த்து முடுக்கி, பேட்டரியை மாட்டும்போது மணி பன்னிரண்டே கால். ஃபியூஸ் சாவியை நீட்டினார். வழக்கமாக வண்டிக்குச் சொந்தக்காரரிடம் நீட்டுகிற ஆள், நர்ஸம்மாவிடம் நீட்டினார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாவியைப் போட்டுத் திருகினார். பிடித்துக்கொண்டது. முதலில் பள்ளத்தில் இறக்கினார். நிற்கவில்லை. பின்னால் எடுத்து மறுபடி இறக்கினார். மூன்றாவது தடவை வேண்டுமென்றே வேகமாக இறக்கினார், சேறு தெறித்து என் வேட்டியெல்லாம் புள்ளி. ஹாரனை அழுத்தினார். அறுபது வயது வண்டிக்கு என்ன தொண்டை! தெருநாய் எழுந்து ஓடிற்று. அழுத்தியபடியே இருந்தார், கொஞ்ச நேரம்.

மாமியார் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். முறிந்த கையாலேயே முன் கதவைப் பிடித்தார். "நானும் வரேம்மா. என்னை ஏத்திக்கிட்டுப் போ. எல்லாரும் பாக்கட்டும்."

"இன்னைக்கு வேணாம் அத்தை" என்றார் நர்ஸம்மா. "இன்னைக்கு நான் தனியாப் போயிட்டு வரேன். பயந்தா யாருக்கும் தெரியாம பயந்துக்கலாம். நாளைக்கு உங்களக் கூட்டிட்டுப் போறேன்."

வண்டி தெருவில் இடது பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரிக்குச் சுற்றுவழியாகவும் போகலாம். அவர் திரும்பியது தண்ணீர்த் தொட்டி மேட்டுப் பக்கம்.

ஒரு மணிக்கு வாங்குபவர் வந்து நின்றார். வெறும் முற்றத்தைப் பார்த்தார். "வண்டி எங்க?"

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "எடுத்துட்டுப் போயிருக்காங்க. விக்கிறதா இல்ல. மன்னிச்சுக்கங்க."

அந்த ஆள் கறார் ஆள் என்று சொன்னேனே, பத்து நிமிஷம் நின்று நன்றாகத் திட்டிவிட்டுத்தான் போனார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அம்மாள் ஜன்னலிலிருந்து, "இன்னும் ரெண்டு திட்டுங்க" என்றார்.

ஒன்றே முக்காலுக்கு வண்டி சத்தம் கேட்டது. நர்ஸம்மா இறங்கினார். புடவை முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. மாமியாரிடம் நேரே போய், "கையெழுத்துப் போட்டுட்டேன் அத்தை. ஒண்ணாந்தேதில இருந்து வரச் சொல்லிட்டாங்க" என்றார். அம்மாள் இடது கையால் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நர்ஸம்மா அழவில்லை. "மேட்டுல ரெண்டு தடவ ஏறி எறங்கினேன்" என்று மட்டும் சொன்னார்.

"அவன் இன்னும் அவங்க அக்காவுக்குப் போன் போடல" என்றார் அம்மாள்.

நர்ஸம்மா கணவரிடம் கையை நீட்டினார். அவர் போனைக் கொடுத்தார். இவரே எண்ணைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் திருப்பி வைத்தார்.

"என்னடா தம்பி!" என்று முற்றமே அதிரும்படி வந்தது நாத்தனாரின் குரல். "வண்டி வித்துட்டியா? உன் சுவர் டிரைவர் என்ன பண்றா?"

"அக்கா. நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாத. அன்னைக்கு வண்டி நின்னது சுவிட்ச் கோளாறு. அவ கிளட்ச்ச விடல. கோளாறு இருக்குன்னு எனக்கு வருஷக்கணக்காத் தெரியும். அவகிட்ட சொல்லாம வண்டியக் குடுத்தேன். அம்மா கை ஒடிஞ்சது என்னால. ஏழு மாசமா வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அந்த ஒலிபெருக்கி முதல்முறையாகச் சத்தம் தணிந்து பேசியது. "அவ பக்கத்துல இருக்காளா?" என்று வந்தது.

"இருக்கேன் அண்ணி" என்றார் நர்ஸம்மா. "அப்புறம் பேசுறேன்."

போனை வைத்ததும் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "என்ன வேணா திட்டு" என்றார். "கை நீட்டி அடி. ஏதாவது பண்ணு."

"கோவம் இன்னும் வரலீங்க" என்றார் நர்ஸம்மா. நிஜமாகவே தனக்குள் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல இருந்தது. "இப்பதான் ஓட்ட முடியும்னு தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கேன். அதுவே நெஞ்சு பூரா இருக்கு. கோவம் வரும். ஏழு மாசக் கோவம், சின்னதா வராது. வரும்போது நீங்க இங்க இருக்கணும். கடைக்குக் கிடைக்குன்னு எங்கயும் போயிடாதீங்க."

சொல்லிவிட்டுச் சாப்பிட உள்ளே போனார். நான் மாடியில் போய்ச் சேறான வேட்டியை நனைத்துப் போட்டேன். நாலு மணிக்குக் காயப்போட வெளியே வந்தபோதும் அந்த நெட்டை மனிதர் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தார்.